அஷ்டமி நவமிக்குக் காத்திருப்பவர்கள்

அஷ்டமி, நவமியில் யாரும் நல்ல காரியம் தொடங்கமாட்டார்கள். மொட்டைமாடியில் தொலைநோக்கி வைத்திருப்பவர்களுக்கோ வளர்பிறையில் அந்த இரண்டு நாளும்தான் முகூர்த்தம். பௌர்ணமியைக் கவிஞர்களுக்கு விட்டுவிடலாம். அன்று நாம் பார்க்கிற பக்கத்தில் வெயில் நேராக விழுகிறது, நிழல் இல்லை. நிழல் இல்லாவிட்டால் மலையும் தெரியாது, பள்ளமும் தெரியாது. கண் கூசுவதுதான் மிச்சம்.

பார்க்க வேண்டியது நிலவின் பகலும் இரவும் சந்திக்கும் கோட்டை. வளர்பிறையில் அங்கே அப்போதுதான் சூரியன் உதிக்கிறது. சாய்ந்த வெயிலில் சின்ன மேட்டுக்கும் நீள நிழல் உண்டு. கோடு தினமும் நகர்வதால் திதிக்கு ஒரு காட்சி. சஷ்டியில் தியோஃபிலஸ். 100 கிலோமீட்டர் அகலமுள்ள இந்தப் பள்ளம் பக்கத்திலிருக்கும் சிரிலஸின் கரையை உடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். உடைத்தது எதுவோ அதுதான் வயதில் இளையது. நவமியில் 'நேர்ச்சுவர்': சுமார் 110 கிலோமீட்டர் நீளத்துக்குக் கத்தியால் கீறியது போன்ற கறுப்புக் கோடு. சுவர் என்பதெல்லாம் பேருக்குத்தான். சில நூறு மீட்டர் உயரமுள்ள சரிவு அது. தேய்பிறையில் வெயில் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும்போது அதே கோடு வெள்ளையாக மின்னும்.

தசமிக்குக் கோப்பர்நிகஸ். இதில் எனக்குப் பாரபட்சம் உண்டு. ஒரே ஒரு பள்ளத்தைத்தான் பார்க்கலாம் என்றால் இதைத்தான் கேட்பேன். அகலம் 93 கிலோமீட்டர், ஆழம் மூன்று கிலோமீட்டருக்கு மேல். விடியும் நேரத்தில் தரை முழுக்க மை இருட்டு, எதிர்க்கரை மட்டும் பளீரென்றிருக்கும். பிறகு நடுவிலிருக்கும் சிகரங்களின் நுனியில் வெயில் பட, இருட்டுக்குள் தனித்தனிப் புள்ளிகள் முளைக்கும். கரைச்சுவர் படிப்படியாகச் சரிந்திருப்பது அதன் பின்னரே தெரியவரும். நிலவின் நடுக்கோட்டில் விடியல் மணிக்கு 15 கிலோமீட்டர்தான் நகர்கிறது; சைக்கிளில் துரத்திவிடலாம். அந்த நிதானத்தால்தான் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் மாற்றத்தைக் கண்ணாலேயே பின்தொடர முடிகிறது. 1609 கடைசியில் கலிலியோ தம் 20 மடங்குக் கருவியில் பார்த்ததும் இப்படிப்பட்ட புள்ளிகளைத்தான். கோட்டிலிருந்து அவை எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பதை வைத்தே நிலவு மலைகளின் உயரத்தைக் கணக்குப் போட்டார்.

கோள்கள் அவ்வளவு தாராளம் இல்லை. வியாழனின் நான்கு பெரிய துணைக்கோள்களும் எந்தக் கருவியிலும் தெரியும். ஆனால் அயோவின் நிழல் ஒரு கறுப்புப் பொட்டாக வியாழனின் முகத்தில் ஊர்ந்து போவதைப் பார்க்க ஆறு அங்குலக் கண்ணாடியும் பொறுமையும் வேண்டும். சனியை முதன்முறை பார்ப்பவர்கள் உள்ளே படம் ஒட்டியிருப்பதாகச் சந்தேகப்படுவது வழக்கம். அதன் வளையம் 2025 மார்ச்சில் விளிம்பைக் காட்டி ஏறக்குறைய மறைந்தே போனது. இனி ஆண்டுக்கு ஆண்டு விரியும். மெலிந்த வளையத்தைப் பலர் ஏமாற்றம் என்கிறார்கள். அகன்ற வளையத்தை யாரும் ரசிப்பார்கள். ஊசிக்கோடாக நிற்கும்போது ரசிக்கத்தான் பழக்கம் வேண்டும்.

இந்தக் கலையில் பாதி, காற்றைப் படிப்பது. நட்சத்திரங்கள் துள்ளி மினுக்கும் இரவு அழகாகத்தான் இருக்கும். கோள் பார்க்க உதவாது. லேசாக மூட்டம் போட்டு, இலை அசையாமல் புழுங்குகிற சென்னை இரவு பல சமயம் மேலானது. அப்போதும் பிம்பம் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல நெளியும். நெளிந்துகொண்டே இருந்து, திடீரென்று ஒரு விநாடி அப்படியே நிற்கும். வியாழனின் பட்டைகளில் உள்ள முடிச்சுகள் அத்தனையும் அந்த விநாடியில் தெரியும். கேமரா வைத்திருப்பவர்கள் ஆயிரக்கணக்கான படங்களை அடுக்கிச் சேர்த்து இதையே துல்லியமாகக் காட்டுவார்கள். அது வேறு கலை. மதிக்கிறேன், எனக்கு வேண்டாம்.

ஊர் வெளிச்சம் நிலவுக்கும் கோள்களுக்கும் தடையே இல்லை. தெருவிளக்குக்கு அடியில் நின்றுகூடப் பார்க்கலாம். புதிதாக வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பெட்டிமேல் '600 மடங்கு' என்று அச்சடித்திருந்தால் கடையை விட்டு வந்துவிடுங்கள். 60 மில்லிமீட்டர் வில்லை 120 மடங்குக்கு மேல் தாங்காது. அதற்குப் பதில் 10x50 பைனாகுலர் ஒன்று வாங்கி, வரும் வளர்பிறை அஷ்டமியில் முழங்கையைக் கைப்பிடிச்சுவரில் ஊன்றிப் பாருங்கள்.