குயவர் வீடு

அடையாறிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு போனால் தட்சிணசித்ரா. தென்னகத்துப் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். எல்லோரும் செட்டிநாட்டுத் தூண்களில் மயங்கி நிற்பார்கள். எனக்கென்னவோ குயவர் வீடுதான். குடியிருப்பும் பட்டறையும் ஒன்றாக இருந்த வாழ்க்கை அது. மண்ணை மிதித்துப் பிசைவதில் வீட்டார் எல்லோருக்கும் பங்கு உண்டு.

சக்கரத்தில் பானையின் வாயும் கழுத்தும்தான் சரியாக அமையும். வயிறும் அடியும் பிறகுதான்: உள்ளே ஒரு கல்லை அணைகொடுத்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி மெலிதாக்க வேண்டும். தப் தப்பென்று ஈரமான சத்தம். ஓர் அடி பலமானால் பிளந்துவிடும். கை அவசரப்படுவதே இல்லை. சூளையிலிருந்து வந்த பானையைச் சுண்டினால், நன்றாகச் சுட்டது கணீரென்னும், விரிசல் விட்டது மொத்தையாகக் கேட்கும். மயிலாப்பூரில் பொங்கல் பானை வாங்கும்போது சுண்டிப் பார்த்து வாங்குங்கள்.