கூட்டத்துக்குக் காதல் கிடையாது
புரட்சிக்கால ரொமான்ஸ் நாவல்கள் குறித்து

பிரெஞ்சுப் புரட்சி என்றதும் நம்மில் பலருக்குக் கண்ணில் முதலில் வருவது 1789ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனம் அல்ல. கட்டை வண்டியில் கைகள் பின்னால் கட்டப்பட்டு நிற்கும் ஒரு வெளிறிய முகம், சுற்றிலும் கூச்சலிடும் கூட்டம், கில்லட்டின் மேடையடியில் உட்கார்ந்து கம்பளி பின்னும் பெண்கள். மார்க்சைக் கரைத்துக் குடித்தவர்களுக்கும் இதேதான். இந்தக் காட்சியை நம் மண்டைக்குள் ஏற்றியவர்கள் வரலாற்றாசிரியர்கள் இல்லை, நாவலாசிரியர்கள். குறிப்பாக இரண்டு பேர்: 1859இல் 'இரு நகரங்களின் கதை'யை எழுதிய சார்லஸ் டிக்கன்ஸ், 1905இல் 'ஸ்கார்லெட் பிம்பர்னெல்' எழுதிய பாரனெஸ் ஓர்ட்ஸி. முன்னது இலக்கியம், பின்னது வெகுஜன ரொமான்ஸ் என்று பேராசிரியர்கள் பிரித்து வைப்பார்கள். நமக்கு இங்கே அந்தப் பிரிவினை வேண்டாம். கில்லட்டினையும் காதலையும் சேர்த்துப் பிசையும் பக்குவம் இரண்டிலும் ஒன்றுதான்.

புரட்சியின் பக்கம் நிற்பதாகச் சொல்லிக்கொள்கிற நாம், இந்த நாவல்களைத் திறந்ததும் வண்டியில் நிற்பவனுக்காகப் பதைக்கிறோம். கூட்டத்தில் ஒருவராக நம்மை ஒரு பக்கத்தில்கூட உணர்வதில்லை. இது எப்படி நடக்கிறது? பிரபுத்துவப் பிரச்சாரம் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுவது தோழர்களின் வழக்கம். பிரச்சாரம் என்றால் பழைய ஆட்சியின் குற்றங்களை மறைக்க வேண்டும் அல்லவா? இந்தப் பிரதிகள் மறைப்பதில்லை. சொல்லப்போனால் அவற்றின் கதைப்பின்னலே அந்தக் குற்றங்களின் மேல்தான் நிற்கிறது.

டிக்கன்ஸை எடுத்துக்கொள்வோம். எவ்ரிமாண்ட் சகோதரர்களில் இளையவன் ஒரு குடியானவப் பெண்ணைத் தூக்கிப்போகிறான். அவள் கணவனை வண்டியில் மாடுபோலப் பூட்டி வேலை வாங்கியே கொல்கிறார்கள். தட்டிக்கேட்ட தம்பி வாளால் குத்தப்பட்டுச் சாகிறான். அவளும் சாகிறாள். இதைப் பார்த்த சாட்சியான டாக்டர் மானெட் பாஸ்டில் சிறையில் அடைக்கப்படுகிறார். அந்தக் குடும்பத்தில் மிஞ்சிய ஒரே சிறுமி வளர்ந்து மேடம் டிஃபார்ஜ் ஆகிறாள். கம்பளி பின்னலில் எதிரிகளின் பெயர்களைக் குறித்து வைக்கும் அந்தப் பயங்கரமான பெண். அதாவது, நாவலில் மிகப் பெரிய அநியாயத்துக்கு ஆளானவள்தான் நாவலின் வில்லி. டிக்கன்ஸ் இதைக் கடைசிவரை ஒளித்து வைத்து, அவள்மேல் நமக்கு வெறுப்பு முற்றிய பிறகுதான் அவிழ்க்கிறார். அதற்குள் நம் கண்ணீர் முழுக்க லூஸி மீதும் அவள் கணவன் டார்னே மீதும் முதலீடு ஆகிவிட்டது.

நாவலில் ஓரிடம் மட்டும் டிக்கன்ஸின் பிடியை மீறிப் பேசுகிறது. லூஸி, ஒரு மனைவியாக, ஒரு தாயாகத் தன்மேல் இரக்கம் காட்டும்படி டிஃபார்ஜிடம் கெஞ்சுகிறாள். நாங்கள் குழந்தைகளாக இருந்த காலம் முதல் மனைவிகளும் தாய்களும் பட்ட பாட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம், இப்போது ஒருத்தியின் துன்பம் எங்களுக்குப் பெரிதாகவா தெரியும் என்கிற பொருளில் பதில் வருகிறது. இதற்கு நாவலிடம் மறுமொழி இல்லை. அதனால் டிஃபார்ஜைக் கொன்றுவிடுகிறது, அதுவும் அவள் கைத்துப்பாக்கியே வெடித்து.

ஓர்ட்ஸியின் கதை இன்னும் அப்பட்டம். மார்கரீட் பாரிஸின் புகழ்பெற்ற நடிகை, குடியரசுவாதி. அவள் அண்ணன் ஆர்மாண்ட் ஒரு மார்க்விஸின் மகளை விரும்பியதற்காக அந்தப் பிரபுவின் வேலையாட்களால் அடித்து நொறுக்கப்படுகிறான். மேல்குடிப் பெண்ணை ஏறெடுத்துப் பார்த்ததற்காக அடிபடும் இளைஞன் யார் என்று இந்த ஊர் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. பின்னால் மார்கரீட் வாயிலிருந்து விழுந்த சொற்களால் அந்த மார்க்விஸும் மகன்களும் கில்லட்டினுக்குப் போகிறார்கள். அவளை மணந்த ஆங்கிலச் சீமான் பெர்ஸி ப்ளேக்னி இதை அறிந்ததும் அவளிடமிருந்து விலகிவிடுகிறான். மிச்ச நாவல் முழுக்க மார்கரீட்டின் பிராயச்சித்தம்தான். ஆர்மாண்டை அடித்தவர்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்பதாகக் கதையில் இல்லை.

ஓர்ட்ஸி யார் என்பதும் தற்செயலானதல்ல. 1865இல் ஹங்கேரியில் நிலவுடைமைப் பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை பண்ணையில் இயந்திரங்களைப் புகுத்த, பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய விவசாயிகள் தீ வைத்தார்கள். 1868இல் குடும்பம் பண்ணையை விட்டு புடாபெஸ்டுக்குப் போனது. 1880இல் லண்டன். மூன்று வயதில் பார்த்த தீ ஒரு நாவலாக நாற்பது வயதில் வெளிவந்தது என்று சொன்னால் ரொம்ப சுலபமான உளவியல் ஆகிவிடும். ஆனால் கூட்டம் என்பது அவருக்குப் புத்தகத்தில் படித்த விஷயம் அல்ல என்பதை மறக்கக் கூடாது. நாவலாகும் முன்பே மேடையேறிய இந்தக் கதை லண்டனுக்கு வந்தது 1905 ஜனவரியில். அதே ஜனவரியில் பீட்டர்ஸ்பர்க்கில் ஜார் மன்னனிடம் மனு கொடுக்கப் போன தொழிலாளர்களைத் துருப்புகள் சுட்டுத் தள்ளின. லண்டன் ரசிகர்கள் பெர்ஸிக்குக் கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

பெர்ஸியின் மாறுவேடங்கள் தனியாகப் பேசப்பட வேண்டியவை. முதல் அத்தியாயத்திலேயே கிழவி வேஷத்தில் வண்டி ஓட்டி பிரபுக்களைக் கடத்திவிடுகிறான். கடைசியில் ஒரு யூதக் கிழவனாக வருகிறான். அந்த யூதனைப் பற்றிய வர்ணனை இன்று படிக்கக் கூசுகிறது. கதாநாயகன் கூட்டத்தின் உடலை எடுத்து மாட்டிக்கொள்ளலாம், வேலை முடிந்ததும் கழற்றி எறியலாம். கூட்டத்தில் ஒருத்தன் சீமான் உடலை மாட்டிக்கொள்வது மட்டும் இந்தப் பிரதிக்குள் முடியவே முடியாது. காதலும் அப்படித்தான் பங்கிடப்படுகிறது. கூட்டத்துக்குப் பசி உண்டு, பழி உண்டு, குடி உண்டு, காதல் கிடையாது. டிஃபார்ஜ் தம்பதிக்கு எத்தனை அத்தியாயம் ஒதுக்கினாலும் அவர்களுக்குள் ஒரு கொஞ்சல் வருவதில்லை. விக்டர் ஹ்யூகோ இளவயதில் எழுதிய 'பக்-ஜார்கல்' (1826) செயின்ட் டொமிங்குவில் 1791இல் எழுந்த அடிமைகளின் கிளர்ச்சியைப் பற்றியது. அதில் ஒரு கறுப்பின அடிமை தோட்ட முதலாளியின் மகளைக் காதலிக்கிறான். அடிமைக்குக் காதல் தருகிற துணிச்சல் ஹ்யூகோவுக்கு இருந்தது, சும்மா சொல்லக் கூடாது. ஆனால் அவன் ஆப்பிரிக்க அரசனின் மகனாக இருந்தாக வேண்டியிருக்கிறது. கடைசியில் அந்தப் பெண்ணையும் அவளுடைய வெள்ளைக்காரக் காதலனையும் வாழவிட்டுச் சாகவும் வேண்டியிருக்கிறது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, இதைப் படித்து மயங்குகிறவர்கள் ஏமாளிகள் என்று முடித்துக்கொள்ள எனக்குச் சம்மதமில்லை. ரொமான்ஸ் வாசகிகளிடம் நேரில் பேசி 1984இல் ஜானிஸ் ராட்வே எழுதிய ஆய்வு ஒன்றை நமக்கு உணர்த்தியது. கதை என்ன சொல்கிறது என்பதைப் போலவே, வீட்டு வேலைக்கு நடுவே ஒரு பெண் புத்தகத்தோடு உட்கார்வதும் ஒரு கோரிக்கைதான். அந்தக் கண்ணோடு பிம்பர்னெலைப் படித்தால் வேறொன்று தெரிகிறது. மொட்டைமாடிப் படிகளில் மார்கரீட் மனம்விட்டுப் பேச, பெர்ஸி மரியாதையாக விலகி நிற்கிறான். அவள் உள்ளே போனதும் மண்டியிட்டு அவள் பாதம் பட்ட இடங்களை முத்தமிடுகிறான். அவளுக்குத் தெரியாது, வாசகிக்குத் தெரியும். இந்த நாவலின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது, கில்லட்டினில் அல்ல. கணவனின் அலட்சியம் ஒரு வேஷம். உள்ளுக்குள் அவன் உருகிக்கொண்டிருக்கிறான். எத்தனை பெண்கள் இதை நம்பியே காலத்தை ஓட்டியிருப்பார்கள்! புரட்சி இங்கே செய்கிற வேலை, அந்த வேஷத்தைக் கழற்ற அவனைக் கட்டாயப்படுத்துவது. சாவு வாசலில் நிற்கும்போது பேசாமல் இருக்க முடியாது. சமாதான காலத்தில் முப்பது வருஷம் வாய் திறக்காத ஆம்பளை, வன்முறைக் காலத்தில் மூன்று நாளில் பேசிவிடுகிறான். ரத்தக்களரியின் கவர்ச்சி என்று நாம் நினைப்பது பெருமளவுக்கு இந்த அவசரத்தின் கவர்ச்சிதான்.

இதில் வேடிக்கை என்னன்னா, நாவல் தொடங்குவது 1792 செப்டம்பரில். அதே செப்டம்பர் 20ஆம் தேதி பாரிஸில் சட்டமன்றம் விவாகரத்தைச் சட்டமாக்கியது. இருவரும் சம்மதித்தால் பிரியலாம். மனம் ஒத்துப்போகவில்லை என்று ஒருவர் சொன்னாலே பிரியலாம். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே உரிமை. அதே காலத்து இங்கிலாந்தில், மார்கரீட் குடியேறிய அந்தச் சுதந்திர பூமியில், முழு விவாகரத்து வேண்டுமென்றால் பாராளுமன்றத்தில் தனிச்சட்டம் போட வேண்டும். அந்த நிலை 1857 வரை நீடித்தது. மகனையோ மகளையோ மனைவியையோ அரச முத்திரைக் கடிதம் வாங்கிச் சிறையிலோ மடத்திலோ அடைக்கும் வழக்கத்தை 1790இலேயே புரட்சி ஒழித்திருந்தது. டாக்டர் மானெட்டைப் புதைத்ததும் அப்படிப்பட்ட கடிதம்தான். ரூவான் போன்ற நகரங்களில் ஒருதரப்பு விவாகரத்து மனுக்களில் பெரும்பான்மை பெண்கள் போட்டவை. கணவன் உள்ளுக்குள் உருகுகிறானா என்று அவர்கள் காத்திருக்கவில்லை. 1804இல் நெப்போலியனின் சட்டத்தொகுப்பு இந்த உரிமையைக் குறுக்கியது. 1816இல் திரும்பி வந்த மன்னராட்சி அதை அடியோடு நீக்கியது. 1884 வரை அது மீளவில்லை.

காதலைப் பற்றி, மணவாழ்க்கையைப் பற்றிப் புரட்சி எடுத்த மிகத் துணிச்சலான முடிவு இது. காதலே பேசுபொருளான நாவல்களில் இது எங்கே போச்சு? 1858இல் மனைவியைப் பிரிந்து, விவாகரத்துக்கு வழியில்லாமல், மறு ஆண்டே பிரெஞ்சுப் புரட்சி பற்றி எழுத உட்கார்ந்த டிக்கன்ஸுக்குக்கூட அது கண்ணில் படவில்லை.

மார்கரீட்டுக்குப் பக்கத்தில் நிஜமான இன்னொரு நடிகையை நிறுத்திப் பார்க்கலாம். க்ளேர் லகோம்ப், 1792 ஆகஸ்ட் 10 அன்று டூய்லெரி அரண்மனைத் தாக்குதலில் ஆயுதத்தோடு போய்க் கையில் காயம்பட்டவர். 1793 மே மாதம் போலின் லெயோனோடு சேர்ந்து புரட்சிகரக் குடியரசுப் பெண்கள் சங்கத்தை நடத்தத் தொடங்கினார். ரொட்டி விலை, பதுக்கல்காரர்கள், பெண்கள் ஆயுதம் தாங்கும் உரிமை என்று பேசிய சங்கம். அக்டோபர் 30 அன்று பெண்கள் சங்கங்கள் எல்லாவற்றையும் ஜாக்கோபின்கள் தடை செய்தார்கள். பெண்ணின் இடம் வீடு என்பதுதான் சாரம். நான்கு நாள் கழித்து ஒலிம்ப் தெ கூஜ் கில்லட்டினுக்கு அனுப்பப்பட்டார். 1791இல் பெண்ணுரிமைப் பிரகடனம் எழுதி, அதன் பின்னிணைப்பாக ஆணும் பெண்ணும் செய்துகொள்ள ஒரு புதுவித மண ஒப்பந்தத்தின் மாதிரியையும் சேர்த்தவர் அவர். எந்த ஆட்சிமுறை வேண்டும் என்று மக்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லிச் சுவரொட்டி அச்சடித்ததுதான் குற்றம். இங்கே நம் தரப்பும் கொஞ்சம் வாயை மூடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பயங்கர ஆட்சியின் பிணங்கள் ஓர்ட்ஸியின் கற்பனை இல்லை. 1935இல் டொனால்ட் க்ரியர் ஆவணங்களை எண்ணிப் பார்த்ததில் மரண தண்டனைகள் ஏறத்தாழ 17,000. அதில் பிரபுக்கள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, பாதிக்கு மேல் விவசாயிகளும் உழைப்பாளிகளும். கில்லட்டின் 1792 ஏப்ரலில் வெட்டிய முதல் தலையே ஒரு வழிப்பறிக்காரனுடையது. ரொமான்ஸ் நாவல் செய்த மோசடி சாவுகளை ஊதிப் பெருக்கியது அல்ல, செத்தவர்களை மாற்றியது. அந்த வண்டியில் நின்ற குடியானவப் பெண்ணைக் கீழே இறக்கிவிட்டு மார்க்விஸை ஏற்றியது. பெர்ஸி மார்க்விஸ்களைக் கூடை கூடையாகக் கடத்துகிறான். தெ கூஜுக்கு எந்தப் பிம்பர்னெலும் வரவில்லை.

பாரிஸ் கம்யூன் நசுக்கப்பட்ட பிறகு, 1874இல் கிழவர் ஹ்யூகோ 'தொண்ணூற்று மூன்று' நாவலை வெளியிட்டார். புரட்சி பற்றிய பெரிய நாவல்களில் ஆண்-பெண் காதலே இல்லாத ஒன்று அது. குடியரசுப் படை ஒன்று காட்டுக்குள் ஒளிந்திருக்கும் மிஷேல் ஃப்ளெஷார் என்கிற குடியானவத் தாயையும் அவளுடைய மூன்று குழந்தைகளையும் கண்டெடுக்கிறது. நீ எந்தக் கட்சி, உன் தாய்நாடு எது என்று சார்ஜென்ட் துளைத்துத் துளைத்துக் கேட்க, அவளுக்குத் தெரிந்ததெல்லாம் தன் பண்ணையின் பெயர் மட்டும்தான். போர் அவள் கணவனைத் தின்றுவிட்டது, கொன்றது எந்தத் தரப்பு என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. மீதி நாவலில் தொலைந்த குழந்தைகளைத் தேடி வெறுங்காலோடு நடக்கிறாள். இங்கே கூட்டத்துக்கு முகம் கிடைக்கிறது, பெயர் கிடைக்கிறது. வண்டியில் நிற்பவனுக்காக அல்லாமல் நடந்துபோகிறவளுக்காக நாம் பதைக்கிறோம். அந்த அளவுக்கு இது டிக்கன்ஸால் முடியாத காரியம். ஆனால் ஹ்யூகோவும் அவளைத் தாயாக மட்டும்தான் நடக்கவிட்டார். கணவனை இழந்த அந்த இளம்பெண்ணுக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கலாம், இன்னொரு ஆண்மேல் ஆசை வரலாம் என்று அவருக்கும் தோன்றவில்லை.