தில்லிப் புதினங்களும் ‘அந்நியமாதலும்’: கரோல் பாக்கை முன்வைத்து ஒரு மறுபார்வை

தில்லித் தமிழர் வாழ்வைச் சித்திரிக்கும் புதினங்களை ‘அந்நியமாதல்’ என்னும் ஒரு கலைச்சொல்லுக்குள் அடக்கிவிடும் போக்கு நம் ஆய்வுகளில் காணப்படுகிறது. இந்திரா பார்த்தசாரதியின் ‘தந்திர பூமி’, ஆதவனின் ‘காகித மலர்கள்’ ஆகியவற்றிற்கு இச்சொல் பொருந்துவதே. அவை அதிகார வட்டத்தையும் உயர் அலுவலர் இல்லத்தையும் களமாகக் கொண்டவை. ஆயின் பணியேற்று வந்த தமிழ் எழுத்தர்கள் குடியேறிய கரோல் பாக்கின் வரலாறு வேறொன்றை உணர்த்துகிறது. கன்னாட் பிளேஸ் எழுப்புவதற்காக 1920களில் மாதோகஞ்ச் முதலிய சிற்றூர்களிலிருந்து அகற்றப்பட்டோர் அங்குக் குடியமர்ந்தனர்; 1947 பிரிவினைக்குப் பின் மேற்குப் பஞ்சாப் அகதிகள் வந்தனர். எனவே, வாடகைக்கு அறை கேட்டு நின்ற தமிழருக்குக் கதவைத் திறந்தவரும் மண்ணிழந்து வந்தவராக இருந்திருக்கக்கூடும். இருவரும் புதியவர்களே எனினும் இருவர் நிலையும் ஒன்றன்று. தமிழரின் வருகை பொருள்வயிற் பிரிவு. அகமரபில் அப்பிரிவு மீட்சியை உள்ளடக்கியது. விடுமுறையில் திரும்பிச் செல்ல அவருக்கு ஊர் இருந்தது. அகதிக்கு அது எல்லைக்கு அப்பால் போயிற்று. இவ்வேறுபாட்டை ‘அந்நியமாதல்’ என்னும் சொல் மறைத்துவிடுகிறது. ஆகவே, தில்லிப் புதினங்களை ஆராய்வோர் தமிழர் இழந்தவற்றை மட்டும் எண்ணாது, அவருக்கு இடமளித்தவர் இழந்ததையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும். புதினம் அதனைப் பேசாதவிடத்து அம்மௌனமும் ஆய்வுக்குரியதே.