ஸ்பைக் பஸ்டர் காக்காத இடம்

ஜெனரேட்டர் கரண்ட் ஏறி இறங்கும், டிவியையும் ஃபிரிட்ஜையும் அதில் போடுவதென்றால் நடுவில் ஒரு ஸ்பைக் பஸ்டர் வேண்டும். தமிழ்நாட்டில் இதை யாரும் தனியாகக் கற்றுக்கொள்வதில்லை. கடைக்காரரும் சொல்வார், எலக்ட்ரீஷியனும் சொல்வார், பக்கத்து வீட்டுக்காரரும் சொல்வார். 2012-இல் சென்னைக்கு வெளியே நாளின் பெரும்பகுதி மின்சாரமின்றிக் கழிந்தபோது சிறு ஜெனரேட்டர்கள் ஜெராக்ஸ் கடை வாசல் வரை வந்துவிட்டன. கூடவே இந்த வழக்கமும் வந்தது. 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. அதன்பின் டெல்டா கிராமங்களில் மேல்நிலைத் தொட்டி நிறைந்ததும், செல்போன் சார்ஜ் ஏறியதும் வாடகை ஜெனரேட்டரின் தயவில்தான். அப்படிப்பட்ட நாள்களில் ஒரு ஃபிரிட்ஜோ மோட்டாரோ போய்விட்டால் அந்தக் குடும்பத்தால் உடனே வேறொன்று வாங்க முடியாது. ஆகவே, எதை நம்பி இந்தச் சாதனங்களை ஜெனரேட்டரில் மாட்டுகிறோம் என்பதைக் கொஞ்சம் கறாராகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

ஸ்பைக் பஸ்டருக்குள் வேலை செய்யும் பொருள் துத்தநாக ஆக்சைடு வில்லை ஒன்று. எம்.ஓ.வி. என்று சொல்வார்கள். வழக்கமான வோல்டேஜில் அது கிட்டத்தட்ட மின்கடத்தாப் பொருள். வோல்டேஜ் ஓர் எல்லையைத் தாண்டியதும் சட்டென்று கடத்தத் தொடங்கி, மிகையான மின்னோட்டத்தைத் தன் வழியே திருப்பிவிடும். ஏரிக்குக் கலிங்கு எப்படியோ, மின்கம்பிக்கு இது அப்படி. ஆனால் இந்தக் கலிங்கு கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து போகும் வெள்ளத்துக்கென்று கட்டப்பட்டது. இதைச் சோதிக்கப் பயன்படும் மின்னோட்ட அலை 8 மைக்ரோ நொடியில் உச்சத்தைத் தொட்டு, 20 மைக்ரோ நொடியில் பாதியாகிவிடும். தொலைவில் இடி விழுந்து கம்பி வழியே வரும் அதிர்ச்சி, மோட்டாரை அணைக்கும்போது சுருளிலிருந்து எழும் துடிப்பு ஆகியவையே அதன் எதிரிகள். அந்த எதிரிகளை அது நன்றாகவே அடக்குகிறது. நான் குறை சொல்லப்போவது அந்தக் கருவியை அல்ல, அதை வைக்கும் இடத்தை.

ஜெனரேட்டர் தரும் தொந்தரவு பெரும்பாலும் வேறு வகை. நம் ஊர்ச் சிறு ஜெனரேட்டரில் இன்ஜினின் வேகமே அலைவெண். இரண்டு துருவ இயந்திரம் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால்தான் 50 ஹெர்ட்ஸ். லோடு ஏறினால் இன்ஜின் திணறும், இறங்கினால் துள்ளும். கவர்னர் வேகத்தைப் பிடித்து நிறுத்தவும், ஏ.வி.ஆர். வோல்டேஜைச் சரிசெய்யவும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும். ஏ.வி.ஆர். இல்லாமல் கெப்பாசிட்டரை நம்பியிருக்கும் மலிவு மாடல்களில், வேகத்தோடு வோல்டேஜும் சேர்ந்தே அலையும். ஒன்றரை ஹெச்.பி. மோட்டார் ஓடிக்கொண்டிருந்து சட்டென்று நின்றால், அதே ஜெனரேட்டரில் இருக்கும் டிவிக்கு ஒரு கணம் வோல்டேஜ் எகிறும். அந்த ஒரு கணம் என்பது ஐந்தில் ஒரு நொடி என்றே வைத்துக்கொள்வோம். அது 2,00,000 மைக்ரோ நொடி, எம்.ஓ.வி. எதிர்பார்க்கும் அலையைப்போலப் பத்தாயிரம் மடங்கு நீளம். பெட்ரோல் தீரும் தறுவாயில் இன்ஜின் இழுத்து இழுத்து ஓடும்போதோ, இந்த ஏற்ற இறக்கம் நிமிடக்கணக்கில்கூட நீளும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 230 வோல்ட் என்பது ஆர்.எம்.எஸ். எனப்படும் பயனுறு மதிப்பு. அதன் உச்சம் 325 வோல்ட். டிவி, எல்.இ.டி. விளக்கு, சார்ஜர் ஆகியவற்றின் நுழைவாயிலில் இந்த உச்சத்தைத் தாங்கி நிற்கும் கெப்பாசிட்டர் பெரும்பாலும் 400 வோல்ட் ரகம். அப்படியென்றால் ஜெனரேட்டர் 283 வோல்ட்டைத் தாண்டி நின்றாலே அந்தக் கெப்பாசிட்டர் தன் எல்லையைக் கடந்துவிட்டது. ஸ்பைக் பஸ்டரில் பரவலாக இருக்கும் 275 வோல்ட் ரக எம்.ஓ.வி.யோ, உச்சம் சுமார் 430 வோல்ட்டை எட்டும்போதுதான் கண் விழிக்கும். ஆர்.எம்.எஸ். கணக்கில் அது 304 வோல்ட். ஆக ஜெனரேட்டர் 290 வோல்ட்டில் நின்று ஓடும்போது டிவி வதைபடுகிறது, காவலுக்கு வைத்த கருவிக்கு எதுவும் தெரிவதில்லை.

அதற்கும் மேலே போனால் கருவி விழித்துக்கொள்ளும், ஆனால் தாங்காது. இங்கேதான் மூன்று ஃபேஸ் ஜெனரேட்டரின் நியூட்ரல் பிரச்சினை வருகிறது. எல்லாவற்றையும்விட நாசமானது இதுவே என்பது என் முடிவு. கல்யாண மண்டபம், அடுக்குமாடிக் குடியிருப்பு, புயலுக்குப் பின் ஒரு தெரு முழுவதற்கும் கொடுக்கும் இணைப்பு என்று எங்கும், நியூட்ரல் கம்பி கையால் முறுக்கி டேப் சுற்றிய ஓர் இணைப்பை நம்பித் தொங்கிக்கொண்டிருக்கும். அது விட்டுப்போனால் இரண்டு ஃபேஸில் இருக்கும் இரண்டு வீடுகள் 400 வோல்ட்டுக்குக் குறுக்கே தொடராக மாட்டிக்கொள்ளும். ஒரு வீட்டில் 1000 வாட் இஸ்திரிப் பெட்டி, இன்னொன்றில் 100 வாட் டிவி என்று வையுங்கள். இஸ்திரிப் பெட்டிக்கு 36 வோல்ட்தான் கிடைக்கும், டிவிக்கு ஏறத்தாழ 364 வோல்ட் போகும். குறைவாகப் பயன்படுத்துகிறவருக்கே அடி பலம். இந்த நிலையில் எம்.ஓ.வி. ஒவ்வோர் அலையின் உச்சத்திலும் கடத்தும், நொடிக்கு நூறு முறை. ஆற்றலை உறிஞ்சும் அதன் திறன் சில நூறு ஜூலுக்குள் அடங்கிவிடும். அது சில நொடிகளில் தீர்ந்து, வில்லை கருகும், புகையும், சில சமயம் பிளாஸ்டிக் உறையும் பற்றிக்கொள்ளும்.

கருகிய பிறகு நடப்பதைக் கவனிக்க வேண்டும். நல்ல ரகத்தில் வெப்பத் துண்டிப்பு இருக்கும், கருகும் வில்லையைக் கம்பியிலிருந்து பிரித்துவிடும். ஆனால் பல ரகங்களில் பிரிவது வில்லை மட்டும்தான். அதற்குப் பின்னால் இருக்கும் டிவி 364 வோல்ட்டிலேயே நீடிக்கும், பஸ்டரின் சிவப்பு விளக்கும் எரிந்துகொண்டே இருக்கும். ஸ்பைக் பஸ்டரின் வேலையையே மெயின் போர்டில் இருந்து செய்யும் கருவி எஸ்.பி.டி.; அதற்கான சர்வதேசத் தரம் ஐ.இ.சி. 61643-11 இதில் நேர்மையாகவே இருக்கிறது. நியூட்ரல் விட்டுப்போன நிலையை ஒத்த வோல்டேஜை இரண்டு மணி நேரம் கொடுத்துச் சோதிக்கும்போது, கருவி தாங்கலாம், அல்லது தீ பிடிக்காமல் பழுதாகலாம், இரண்டுமே தேர்ச்சி. கட்டடம் எரியக் கூடாது என்பதே அந்தச் சோதனையின் அக்கறை. உங்கள் ஃபிரிட்ஜ் பிழைக்குமா என்பது அதில் இல்லை. கடையில் விற்கும்போது இந்த வித்தியாசத்தை யாராவது சொல்லவேண்டாமா?

இதனால் எஸ்.பி.டி.யே வேண்டாம் என்றாகாது. நிரந்தரமாக ஒரு ஷெட்டில் நிற்கும் ஜெனரேட்டரில், கரண்ட் போனதும் தானாக ஸ்டார்ட் ஆகும் பேனல், ஏ.வி.ஆர்., கன்ட்ரோலர் எல்லாமே மின்னணுச் சாதனங்கள். அங்கிருந்து வீட்டுக்கு வரும் கேபிள் நீளமானது, மின்வாரியத்தின் இணைப்போ மேலே தொங்கும் கம்பி வழியே வருகிறது. வடகிழக்குப் பருவமழையின் இடிமின்னலில் அந்தக் கம்பி வழியே வரும் அதிர்ச்சியைத் தடுக்க மெயின் போர்டில் டைப் 2 எஸ்.பி.டி. கட்டாயம் வேண்டும் என்பேன். நமது 230/400 வோல்ட் அமைப்பில் சாதாரண வீட்டுச் சாதனம் 2.5 கிலோவோல்ட் வரை அதிர்ச்சியைத் தாங்க வேண்டும் என்பது விதி. டைப் 2 கருவிகள் அதை ஒன்றரை கிலோவோல்ட் அருகில் நிறுத்திவிடும். ஆனால் இரண்டாள் தூக்கி வைக்கும் சிறு ஜெனரேட்டரைக் கொல்லையில் ஓடவிட்டு, ஓர் எக்ஸ்டென்ஷன் கம்பியில் ஃபிரிட்ஜையும் இரண்டு விளக்கையும் மாட்டினால், வெளிக்கம்பி எதுவும் அதில் சேரவில்லை, இடி வரும் வழி மிகக் குறைவு. அங்கே எஸ்.பி.டி.க்குச் செலவிடும் பணம் தப்பான இடத்தில் போகிறது.

தேர்வு செய்யும்போது ஜூல் எவ்வளவு, கிலோ ஆம்பியர் எவ்வளவு என்றே எல்லோரும் கேட்கிறார்கள். எண் பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைப்பது இயல்புதான். ஜெனரேட்டரைப் பொறுத்தவரை முதலில் பார்க்க வேண்டிய எண் வேறு: தொடர்ந்து எத்தனை வோல்ட்டைத் தாங்கும் என்பது. 'யூ.சி.' என்று கருவியின் முகப்பில் அச்சிட்டிருக்கும். 275 என்றிருப்பதை ஜெனரேட்டர் உள்ள வீட்டுக்கு வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. 320 அல்லது 385 எடுத்தால் ஜெனரேட்டரின் துள்ளலில் அது வீணாகக் கருகாது. அதற்கு விலை உண்டு, இடியின்போது உள்ளே விடும் வோல்டேஜ் கொஞ்சம் கூடும். சாதனங்களின் தாங்குதிறனுக்குள் அது இருக்கும்வரை இந்தப் பண்டமாற்று லாபமே. இரண்டாவதாகக் கம்பியின் நீளம். எஸ்.பி.டி.யை இணைக்கும் கம்பிகளின் மொத்த நீளம் அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். வேகமாக ஏறும் மின்னோட்டத்துக்கு ஒவ்வொரு மீட்டர் கம்பியும் ஆயிரம் வோல்ட் அளவுக்குக் கூட்டிவிடும். விலையுயர்ந்த கருவியை வாங்கி, போர்டின் ஒரு மூலையில் வைத்து, எர்த் கம்பியைச் சுற்றி வளைத்துக் கொண்டுபோனால், கொடுத்த காசில் பாதி கம்பியிலேயே போயிற்று.

எர்த் என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கையில் தூக்கும் சிறு ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் எதிலும் கட்டப்படாமல் மிதக்கிறது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே மாட்டிய எம்.ஓ.வி.க்கு அங்கே வேலையே இல்லை, மின்னோட்டம் திரும்பிப் போக வழி கிடையாது. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே இருப்பதுதான் பயன்படும். மின்கசிவைக் கண்டால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் அந்த அமைப்பில் எதிர்பார்த்தபடி இயங்காது, உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் அது. பெரிய ஜெனரேட்டரில் நியூட்ரலுக்கும் உடம்புக்கும் தனித்தனியே இரண்டு எர்த் இணைப்பு வேண்டும் என்பது நம் நாட்டு விதி. வாடகைக்கு வந்து இறங்கும் ஜெனரேட்டரில் இதை யார் பார்க்கிறார்கள் என்பது எனக்குக் கவலை தரும் கேள்வி.

அப்படியானால் நீளமான வோல்டேஜ் ஏற்றத்துக்கு மருந்து எது? அடக்குவதல்ல, துண்டிப்பது. வோல்டேஜ் கூடினாலும் குறைந்தாலும் இணைப்பைப் பிரித்து, சரியானதும் தானாகச் சேர்க்கும் ரிலேக்கள் மெயின் போர்டில் எம்.சி.பி. பக்கத்திலேயே பொருத்தும் வடிவில் கிடைக்கின்றன. மேலே 270, கீழே 180 என்று வைத்து, மீண்டும் சேர மூன்று நிமிடம் தாமதம் கொடுத்தால் ஃபிரிட்ஜ் கம்ப்ரஸரும் பிழைக்கும். நியூட்ரல் விட்டுப்போன 364 வோல்ட்டுக்கு எதிராக வீட்டுக்காரர் கையில் இருக்கும் ஒரே உருப்படியான ஆயுதம் இதுதான். எனினும் இதற்கும் ஓர் ஓட்டை உண்டு: மைக்ரோ நொடியில் வரும் அதிர்ச்சியை இது பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அதனால்தான் ரிலேயும் எஸ்.பி.டி.யும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. ஜெனரேட்டர் உள்ள இடத்தில் ரிலே முதலில், எஸ்.பி.டி. அடுத்து என்பது என் வரிசை.

ஸ்டெபிலைசர் மெதுவான ஏற்ற இறக்கத்துக்கு உதவும். துள்ளும் ஜெனரேட்டரில் டக் டக் என்று மாறிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். வீட்டு இன்வெர்ட்டர் விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. பின்பக்கச் சுவிட்சை 'யூ.பி.எஸ்.' நிலையில் வைத்தால் அது சுமார் 180 முதல் 260 வோல்ட் வரை மட்டும் ஏற்கும், ஜெனரேட்டர் கரண்டைப் பல நேரம் நிராகரிக்கும். பேட்டரி சார்ஜ் ஆகவில்லையே என்று மற்ற நிலைக்குத் தள்ளிவிடுவோம். அந்த நிலையில் அது 290 வோல்ட் வரை ஏற்று, அப்படியே சாதனங்களுக்கு அனுப்பும். சார்ஜ் ஏறுகிறது என்ற நிம்மதியில், இருந்த ஒரு காவலையும் நாமே எடுத்துவிடுகிறோம். புதிதாகச் சிறு ஜெனரேட்டர் வாங்குகிறவர், வசதியிருந்தால் இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டருக்கே போகலாம். மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக்கி மீண்டும் சீரான அலையாகத் தருவதால், இன்ஜினின் துள்ளல் சாதனம் வரை வராது. விலை பெரிய தடைதான்.

செலவே இல்லாத சில பழக்கங்களும் இருக்கின்றன. ஸ்டார்ட் செய்து இன்ஜின் நிதானமான பிறகே லோடைச் சேர்ப்பது, அணைப்பதற்கு முன் லோடைப் பிரிப்பது, டேங்க் காலியாகும்வரை ஓடவிடாமல் இருப்பது. வீட்டு வயரிங்கில் இணைப்பதென்றால் நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் சேஞ்ச்-ஓவர் சுவிட்ச் இல்லாமல் இணைக்கவே கூடாது. இல்லையென்றால் ஜெனரேட்டர் கரண்ட் வெளிக்கம்பிக்குத் திரும்பிப் போய், கம்பத்தில் ஏறியிருக்கும் மின்வாரிய ஊழியரின் உயிரை எடுக்கும். மூன்று ஃபேஸ் சுவிட்சில் நியூட்ரல் முதலில் சேர்ந்து, கடைசியில் பிரிவதாகவும் இருக்க வேண்டும்.

இந்தப் பொறுப்பு முழுவதையும் ஒவ்வொரு வீட்டின் தலையிலும் சுமத்துவது நியாயமில்லை. மேலும் முப்பது வீட்டில் முப்பது ஸ்பைக் பஸ்டர் மாட்டுவதைவிட, ஜெனரேட்டரின் வெளிவாயிலிலேயே நியூட்ரல் போனால் துண்டிக்கும் ஒரு ரிலே இருப்பது மலிவு, உறுதியும்கூட. வாடகை பேசும்போது நாம் கே.வி.ஏ. கேட்கிறோம், டீசல் யார் பொறுப்பு என்று கேட்கிறோம். அந்த ரிலே இருக்கிறதா, இரண்டு எர்த் இருக்கிறதா என்றும் கேட்கலாம். சுவிட்சைப் போடுவதற்கு முன், எலக்ட்ரீஷியனை மீட்டர் வைத்து மூன்று ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே அளந்து காட்டச் சொல்லலாம். பிறகு லோடு ஏறியதும் இன்னொரு முறை அளக்க வேண்டும். லோடு இல்லாதபோது மூன்றும் 230-ஐ ஒட்டியே காட்டும். அரைகுறையாகப் பிடித்திருக்கும் நியூட்ரல் லோடு வந்த பிறகுதான் தன்னைக் காட்டிக்கொடுக்கும், ஒரு ஃபேஸ் 200-க்கு இறங்கி இன்னொன்று 260-க்கு ஏறும். அப்படிக் கண்டால் ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு, முறுக்கி டேப் சுற்றிய அந்த இணைப்பைத் தேடிப்பிடித்து, லக் வைத்து போல்ட்டில் இறுக்கச் சொல்ல வேண்டும்.