வேட்டை ரைபிளின் குழல்: ரீபோர் செய்வதா, மாற்றுவதா?

ரைபிள் குழலை ரீபோர் செய்வது என்றால், அதன் துளையைக் கடைந்து பெரிதாக்கி, புதிய சுருள்பள்ளங்களை வெட்டி, தோட்டா அமரும் சேம்பரையும் அதற்கேற்பச் சீவுவது. குழலின் வெளிப்புறம் அப்படியே இருக்கும். லேத் பட்டறையில் எஞ்சின் சிலிண்டரை போர் செய்வதைப் போன்ற வேலைதான். அங்கே பெரிய பிஸ்டன் மாட்டப்படுகிறது, இங்கே தோட்டாவே மாறுகிறது. அதனால் இதைப் பழுதுபார்ப்பாக மட்டும் எண்ணிக் கொடுப்பவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். கைக்குத் திரும்பி வருவது வேறொரு துப்பாக்கி.

குழலைத் தொடுவதற்கு முன் அதுதான் குற்றவாளியா என்று பார்க்க வேண்டும். தளர்ந்த திருகு, நெகிழ்ந்த தொலைநோக்கிப் பிடி, உள்ளே படிந்த செம்பு, அடிபட்ட குழல்வாய் விளிம்பு ஆகிய ஒவ்வொன்றும் குறியைச் சிதறடிக்கும்; எல்லாமே சிறு செலவில் தீரும். துளைநோக்கியை உள்ளே விட்டால் உண்மை தெரியும். வெடிமருந்தின் வெப்பம் முதலில் அரிப்பது சேம்பரை ஒட்டிய தொண்டைப் பகுதியை. தேய்வு அங்கு மட்டும்தான் என்றால், குழலின் பின்முனையைக் கொஞ்சம் வெட்டி, மறுபடி மரையிட்டு, அதே காலிபருக்கே சேம்பர் சீவினால் போதும்.

ரீபோருக்கு ஒரு கணக்கு உண்டு; அதைத் தாண்ட முடியாது. பழைய பள்ளங்கள் முழுதும் மறைந்தால்தான் புதியவற்றுக்கு இடம். எனவே புதிய துளையின் மேட்டு விட்டம் (பள்ளங்களுக்கு இடைப்பட்ட மேடுகளுக்குக் குறுக்கே உள்ள அளவு), பழைய பள்ள விட்டத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். .270 வின்செஸ்டரின் பள்ள விட்டம் 0.277 அங்குலம். 7 மி.மீ. வகைக் குழலின் மேட்டு விட்டமும் ஏறக்குறைய அதுவே; ஆகவே .270 குழலை 7 மி.மீ. வகையான .280 ரெமிங்டனாக மாற்ற நினைப்பது வீண். .30 காலிபரின் மேட்டு விட்டம் 0.300, .35-இன் விட்டம் 0.350, இவை இரண்டும் இயலும். 1906-இல் வந்த .30-06 தோட்டாவின் குடும்பத்தைச் சேர்ந்தவையே .270-உம் .35 வீலனும். அடிப்பாகம் ஒன்றே என்பதால் போல்ட், தோட்டா உருவும் கொக்கி, மேகஸின் எதையும் மாற்ற வேண்டியதில்லை. ரீபோர் வெற்றிகரமாக அமைவது பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒரே குடும்பத் தோட்டாக்களுக்குள்தான். .35 வீலனாக்கினால், 130 முதல் 150 கிரெய்ன் குண்டு எறிந்த ரைபிள், 200 முதல் 250 கிரெய்ன் எறியத் தொடங்கும். வட அமெரிக்கக் காடுகளில் எல்க், மூஸ் போன்ற பெரிய மான்களை வேட்டையாடுபவருக்கு அது மெய்யான ஆதாயம். சமவெளியில் நெடுந்தொலைவு சுடுபவருக்கு நட்டமே.

ரீபோரின் தனிச்சிறப்பு பழைய துப்பாக்கிகளில்தான் முழுதாகத் தெரியும். வின்செஸ்டர் 1894 மாடலின் எண்கோணக் குழலில் குறிமுள் காடிகளும், கீழேயுள்ள மேகஸின் குழாயைப் பிடிக்கும் இடங்களும், தொழிற்சாலை முத்திரையும் குழலிலேயே வெட்டப்பட்டவை. அப்படியொரு குழலைப் புதிதாகச் செய்வது பெரிய செலவு. செய்தாலும் பழைய எஃகின் நிறமும் முத்திரையும் வராது. துருவால் கெட்ட .30-30 குழலை .38-55 ஆக்கினால் அத்தனையும் பிழைக்கும். அதோடு .38-55 தோட்டாவின் அழுத்த வரம்பும் .30-30-ஐவிடக் குறைவு. முதிர்ந்த ஆக்ஷனுக்கு (தோட்டாவை ஏற்றிப் பூட்டும் பொறிக்கு) அது இரக்கமுள்ள தேர்வு. ஒரு கைவினைஞரின் வேலையை அழியாமல் காப்பதற்காகவே ரீபோரைத் தேர்ந்தெடுப்பவர்கள் செய்வது சரியான காரியம்.

குறைகளும் கனமானவை. 14 மி.மீ. வாய் விட்டமுள்ள மெல்லிய .270 குழலில் சுவர் சுமார் 3.5 மி.மீ. இருக்கும்; .35 ஆக்கியபின் 2.5 மி.மீ. அளவே மிஞ்சும். குறிமுள் காடி ஆழமாக இருந்தால் அந்த இடத்தில் இன்னும் குறையும். அளக்காமல் வேலையைத் தொடங்குவது ஆபத்து. 24 அங்குலக் குழலில் நூறு கிராமுக்கு மேல் எடை குறைகிறது, உதைப்போ கூடுகிறது. சுத்தியலால் அடித்து உருவாக்கிய குழல்களில் உறைந்திருக்கும் இறுக்கம், உலோகத்தைக் கடையும்போது விடுபட்டுத் துளையை ஒரே சீராக இல்லாமல் விரியச் செய்யலாம். குரோம் பூசிய துளை வெட்டுளிக்கு மசியாது. பழைய காலத்துக் குளோரேட் பற்றவைப்பான்களின் உப்பு குடைந்த குழிகள், புதிய பள்ளத்தையும் தாண்டி ஆழமாக இருந்தால் உழைப்பு முழுதும் பாழ். பள்ளத்தை ஒற்றை உளியால் இழை இழையாக வெட்ட வேண்டியிருப்பதால் நல்ல கைகளும் குறைவு. கடைந்ததை மீட்கவும் முடியாது. சேகரிப்பாளர் மதிக்கும் அசல் காலிபரைக் கடைந்தால் விலை சரியும்.

குழலை மாற்றினால் இந்தக் கணக்குகள் எதுவும் இல்லை. அதே காலிபரைத் தக்கவைக்கலாம். எஃகு, நீளம், முறுக்கு வீதம் எல்லாம் விருப்பப்படி கிடைக்கும். சாவேஜ் வகை ரைபிள்களில் குழல் நட்டைத் தளர்த்தி, அளவுகோல் தோட்டா வைத்து இடைவெளியைச் சரிசெய்து மாட்டிவிடலாம். மற்றவற்றில் மரையிடுவதும் சேம்பர் அளவைப் பொருத்துவதும் தேர்ந்த பணி. பருமன் மாறினால் கட்டையின் வாய்க்காலையும் செதுக்க வேண்டும், குறிமுட்களைப் புதிதாகப் பொருத்த வேண்டும். இந்தச் சில்லறைச் செலவுகளைச் சேர்த்துப் பார்க்காமல் குழலின் விலையை மட்டும் ரீபோர் கூலியோடு ஒப்பிடுபவர்கள் தவறாக முடிவெடுக்கிறார்கள். சாதாரணத் தொழிற்சாலை ரைபிளுக்கு, அவற்றையும் சேர்த்த பிறகும், மாற்றுவதே நல்லது.

சட்டமும் தேர்வைப் பாதிக்கிறது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் துப்பாக்கியாகக் கருதப்படுவது, குழல் பொருத்தப்படும் உடற்பகுதியான ரிசீவர்தான். குழலை உதிரிபாகமாக வாங்கலாம். ஜெர்மனியில் குழலும் உரிமப் பதிவுக்கு உட்பட்ட முக்கியப் பாகம். அங்கே ரீபோர் செய்த குழலானாலும் புதிதாகப் பொருத்திய குழலானாலும், அரசு சோதனைச் சாலையில் மிகையழுத்தத் தோட்டாவைச் சுட்டு முத்திரை பெற்ற பிறகே வேட்டைக்கு எடுத்துச் செல்ல முடியும்.