"ஆறு மாசம் தாங்கும்" என்றால் என்ன அர்த்தம்?

வெங்காய ரகங்களின் அறிமுகக் குறிப்புகளை வாசிப்பது எனக்கொரு பழக்கம். மகசூல், நிறம், வயது எல்லாம் எண்ணோடு இருக்கும். கடைசியில் "இத்தனை மாசம் சேமிக்கலாம்" என்று ஒரு வரி. என் புகார் அந்தக் கடைசி வரி மேல்தான்.

மகாராஷ்டிராவின் ராஜ்குருநகரில் உள்ள வெங்காயம், பூண்டு ஆராய்ச்சி இயக்குநரகம் பீமா சக்தி, பீமா கிரண் ரகங்களுக்கு ஐந்தாறு மாசம் என்கிறது. காரீப் பட்டத்து பீமா சூப்பருக்கு ஒன்று, ஒன்றரை மாசம்தான். இந்த வித்தியாசம் ரகத்துடையதா, பட்டத்துடையதா? ராபி வெங்காயம் ஏப்ரல், மே வெயிலில் அறுவடையாகும். தாள் தானாகச் சாய்ந்து கழுத்து மூடிக்கொள்ளும். காரீப்பில் மண் ஈரம், தாள் பச்சை, கழுத்து தடிமன். அந்தக் கழுத்து வழியாத்தான் அழுகல் உள்ளே போகுது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரகங்களை ஒப்பிடுவது சரியில்லை.

அடுத்தது, "தாங்கும்" என்ற சொல். எடை வற்றுவது, அழுகுவது, முளைப்பது மூன்றும் வேற வேற இழப்பு. லாசல்கானில் காமா கதிர் பாய்ச்சுகிறார்களே, அது முளைப்பைத் தடுக்கும், அழுகலை நிறுத்தாது. வெப்பநிலையும் அப்படித்தான். 25–30 டிகிரியில் காற்றோட்டமாக வைத்தால் எடை குறையும், ஆனால் முளைப்பு அடங்கியிருக்கும். இடைப்பட்ட குளிரில்தான் வேகமாக முளைக்கும். மூன்றையும் ஒரே எண்ணில் அடைத்தால் விவசாயிக்கு என்ன புரியும்?

எங்க சித்தப்பா ஒருமுறை ஒரே காட்டுச் சின்ன வெங்காயத்தை இரண்டு பட்டறையில் போட்டார். ஒன்று நிழலில் பத்து நாள் உலர்த்தியது. இன்னொன்று, கோடை மழை வருதுன்னு தாள் காயாமல் அள்ளிப் போட்டது. ஆனி பிறக்கும்முன் இரண்டாவது பட்டறை நாறிப் போச்சு. அதில் பாதி அடுத்த போகத்துக்கான விதைக்காய். ரகம் ஒன்றுதான், கதை இரண்டு. காய் நட்டுப் பயிர் செய்பவருக்கு பட்டறை அழுகினால் விலை மட்டுமல்ல, விதையும் போச்சு.

ரகத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. மெல்லிய கழுத்து, இறுக்கமான பல அடுக்குத் தோல், அதிக உலர்பொருள் உள்ள ரகம் நிச்சயம் அதிக நாள் நிற்கும். ஆனால் அது வாய்ப்பு மட்டும்தான். அறுவடைக்குப் பத்து, பதினைந்து நாள் முன் தண்ணீரை நிறுத்துவதும், கழுத்தில் 2–2.5 செ.மீ. விட்டுத் தாளை அறுப்பதும், பதமாக உலர்த்துவதும்தான் அந்த வாய்ப்பைக் காப்பாத்தும்.

நான் கேட்பது பெரிசா ஒண்ணுமில்லை. அந்தக் கடைசி வரியை நாலு வரியாக்குங்கள்: எந்தப் பட்டம், எத்தனை நாள் உலர்த்தினீர்கள், எந்த வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் வைத்தீர்கள், கடைசியில் நூறு கிலோவில் எத்தனை கிலோ எந்த இழப்பில் போச்சு. இந்த நாலும் இல்லாத "ஆறு மாசம்" விளம்பரம்தான்; ஆராய்ச்சிக் குறிப்பு இல்லை.