'தமிழர் ஓட்டு' என்று ஒன்று உண்டா?

கேரளத் தமிழரின் தேர்தல் பலம் குறித்து எழுதுவோர் பெரும்பாலும் ஒரே கணக்கைத்தான் போடுகின்றனர்: தமிழ் பேசுவோர் இத்தனை பேர், ஆகவே 'தமிழர் ஓட்டு' இத்தனை. வியாபாரி பாஷையில் சொன்னால், எண்ணிப் பார்க்காத பணத்தை வரவு வைக்கிற கணக்கு இது.

பாலக்காடு மாவட்டத்து முதலமடையைப் பாருங்கள். மாந்தோப்புகளுக்குப் பேர்போன எல்லையோர ஊர். அங்கே கவுண்டரும் சக்கிலியரும் தமிழில்தான் பேசிக்கொள்கிறார்கள். ஆனால் 2017-இல் கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனிச் சக்கிலியர் சொன்னதென்ன? டீக்கடையில் தனி டம்ளர், தண்ணீருக்குத் தனிக் குழாய் என்றார்கள். இல்லையென்று மறுத்தவர்களும் உண்டு. இருக்கட்டும். இப்படியொரு புகார் எழுந்த ஊரில் இரு தரப்பையும் ஒரே கூட்டலில் போடுவது எப்படி? பஞ்சாயத்து வார்டு என்பது சின்ன வட்டம். எந்த வீடு யாருடையது என்று வேட்பாளருக்கு அத்துப்படி. அங்கே பாஷையை எவரும் கேட்பதில்லை, தெருவைத்தான் கேட்பார்கள்.

இடுக்கியிலோ மதமும் சேர்கிறது. தேவிகுளம் தாழ்த்தப்பட்டோருக்கான தனித்தொகுதி. 2021-இல் அங்கே வென்ற மார்க்சிஸ்ட் கட்சியின் அ. ராஜா சட்டசபையில் தமிழிலேயே உறுதிமொழி எடுத்தார். நமக்கெல்லாம் மகிழ்ச்சி. பிறகு வழக்கு வந்தது. அவர் இந்துவா கிறித்தவரா, முன்னோர் கேரளத்தில் குடியேறியது எப்போது என்பவையே கேள்விகள். 2023 மார்ச்சில் உயர்நீதிமன்றம் வெற்றியைச் செல்லாதென்றது. 2025 மே மாதம் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்தது. 1950-ஆம் ஆண்டு ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டுமே பட்டியல் சாதியாவர். கிறித்தவருக்கு அதில் இடமில்லை. எங்கள் சமணருக்கும் இல்லை. ஆக, தோட்டத் தொழிலாளியின் பேரன் தேர்தலில் நிற்க, தமிழன் என்பது மட்டும் போதவில்லை. சாதி, மதம், தாத்தா வந்த வருஷம் எல்லாவற்றுக்கும் சாட்சி வேண்டியிருக்கிறது.

அப்படியானால் மொழியுரிமையே வீணா? இல்லை. கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969, தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தமிழிலேயே கடிதப் போக்குவரத்து நடத்த வழிசெய்கிறது. அந்த உரிமை கவுண்டருக்கும் சக்கிலியருக்கும், கோயிலுக்குப் போகிறவருக்கும் சர்ச்சுக்குப் போகிறவருக்கும் பொது. அதற்காகச் சேர்ந்து நிற்கலாம். ஆனால் சேரச் சொல்லுமுன் ஒன்று: காலனிக்காரர் புகாரை 'நம் வீட்டுச் சமாச்சாரம், வெளியே பேசாதே' என்று அமுக்கும் பழக்கம் நம் சங்கங்களில் ஒழிய வேண்டும். குழாய் ஒன்றான பிறகுதான் ஓட்டு ஒன்றாகும் என்பது என் துணிபு.